கதவைத் திறந்து பார்!

மலர்க்குழுத் தம்பிகள் இரண்டு பேர் ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்று, "அண்ணா, நம்ம ஆட்டோமொபைல் துறை சார்பா நீங்க ஒரு கட்டுரை குடுத்தே ஆகணும்" என்று கேட்டார்கள். வழக்கம்போல "மின்சாரக் கார்களின் எதிர்காலம்" என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பழைய அம்பாசிடர் காரின் கதவு இடுக்கு!

சிரிக்க வேண்டாம். மூன்று வருடப் படிப்பில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த இடுக்கில்தான் இருக்கிறது. நான் பட்ட வெட்கமும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு டிரைவர். 1996-லிருந்து 2015 வரை, பத்தொன்பது வருடம், ஒரே டாக்டர் ஐயாவிடம் வேலை பார்த்தார். டாக்டர் ஐயா 1989-ல் புதிதாக வாங்கிய வெள்ளை அம்பாசிடர் அது. மார்க் 4 மாடல். 1489 சி.சி. இன்ஜின், ஸ்டியரிங் கழுத்தில் கியர் லீவர், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். டாக்டர் ஐயா 2015-ல் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, "இந்த வண்டிய வேற யாருகிட்டயும் குடுக்க மனசில்ல. நீயே எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கையில் வைத்தார்களாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதற்கு முந்தைய வருடம், 2014 மே மாதத்திலேயே, உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதனால் அப்பாவுக்கு அந்தக் கார் மேல் இன்னும் கொஞ்சம் பாசம் கூடிவிட்டது.

2019-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கை முழுசாக வரவில்லை. கார் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அதன் டயர்கள் நான்கும் மண்ணில் பதிந்திருந்தன. இறுதியாண்டு புராஜெக்ட் என்ன செய்யலாம் என்று எங்கள் செட் ஐந்து பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்ல ஒரு வண்டி நிக்குதுடா" என்று நான்தான் சொன்னேன். துறைத் தலைவர் அனுமதி கொடுத்தார். நான் டீம் லீடர். அந்தப் பட்டத்தை நானே வைத்துக்கொண்டேன் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்ஜின், பிரேக், ஒயரிங் இவற்றின் கதை தனி. அதற்கு இன்னொரு மலர் வேண்டும். நேராகப் பெயின்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஐந்து பேருக்கும் பெயின்ட் அடிக்கத் தெரியாது. பாடத்தில் ஒரு அத்தியாயம் இருக்கிறது; அதைப் படித்துப் பதினைந்து மார்க் வாங்கலாம், கார் பெயின்ட் அடிக்க முடியாது. சிங்காநல்லூர் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரைப் பிடித்தோம். முப்பது வருடமாக ஸ்ப்ரே கன் பிடித்த கை. அவர் வந்து காரைச் சுற்றிப் பார்ப்பார், பானெட்டைத் தட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் அதெல்லாம் செய்யவில்லை. நேராக வந்து ஒரு கதவைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார். மூடினார். அடுத்த கதவு. நாலு கதவும் முடிந்த பிறகு, "இந்த வண்டிக்கு ஒரு தடவ மறு பெயின்ட் ஆயிருக்கு. அடிச்சவன் நல்லவன் இல்ல" என்றார்.

ஆச்சரியமாகப் போய்விட்டது. அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆமா கண்ணு, 2003-ல ஒருக்கா அடிச்சது. உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

காருக்கு வெளியே எத்தனை தடவை வேண்டுமானாலும் பாலிஷ் போட்டு ஏமாற்றலாம். கதவைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது பாய் எங்களுக்கு நடத்திய முதல் பாடம். கதவு மூடும் இடத்தில் இருக்கிற சட்டத்தைத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு நிலை எப்படியோ அப்படிக் காருக்கு அது. புத்தகத்தில் டோர் ஜாம்ப் என்று போட்டிருக்கும். கீல் இருக்கும் முன்தூண், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கிற நடுத்தூண், பின்தூண், கீழே கால் வைத்து ஏறுகிற படி, கதவின் உள் விளிம்புகள், எல்லாம் சேர்ந்தது அது. பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். பீடிங் ரப்பரின் மேல் பெயின்ட் பட்டிருக்கிறதா, கீல் போல்ட்டின் தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, உள்ளே ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமுமாக இருக்கிறதா, விரலால் தடவினால் மணல் மாதிரி நறநறவென்கிறதா என்று பார்த்தால் போதும். அடிபட்ட வண்டியா, அவசரத்தில் அடித்த வண்டியா என்று அதுவே சொல்லிவிடும்.

எங்கள் காரில் நறநறவென்றுதான் இருந்தது. 2003-ல் அடித்தவர் கதவுகளை மூடி வைத்துக்கொண்டு வெளியே மட்டும் அடித்திருக்கிறார். இடுக்கு வழியாகத் தூசிப் பெயின்ட் உள்ளே போய் ஒட்டியிருக்கிறது.

"மொதல்ல உள்ள. அப்புறந்தான் வெளிய" என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கோ வெளியே பளபளவென்று பார்க்க வேண்டும் என்ற அவசரம். கதவு இடுக்கில் இரண்டு வாரம் உட்கார வைத்துவிட்டாரே என்று அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தோம்.

அந்த இரண்டு வாரத்தில் என்னென்ன செய்தோம் தெரியுமா? பீடிங் ரப்பர்களை உரித்தோம். லாக் பிளேட், படியில் இருக்கும் அலுமினியப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றின் ஸ்க்ரூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதினோம். கீல்களில் முப்பது வருட கிரீஸ். அது போகாமல் பெயின்ட் அடித்தால் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாகப் பெயின்ட் விலகி நிற்கும் என்பதால் தின்னரும் துணியுமாக அதைத் துடைத்தோம். பழைய ரப்பரை ஒட்டின பசை கருங்கல் மாதிரி இருந்தது, சுரண்டி எடுத்தோம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. வேப்பிலைச் சருகு மக்கி அத்தனை ஓட்டையும் அடைந்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கதவின் அடித் தகடு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இடது பக்கப் படியும் அப்படித்தான். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். ஓட்டைகளை மறக்காமல் விட்டோம்.

பிறகு தேய்ப்பு. தட்டையான இடத்துக்கு 320, 400 நம்பர் பேப்பர். மூலை முடுக்குக்குப் பேப்பர் போகாது. அங்கே பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்தான். எங்கள் செட்டில் இருந்த ஒரே மாணவி அதைக் கொண்டுவந்தபோது நாங்கள் நாலு பேரும் கேலி செய்தோம். பாய் எங்களைப் பார்த்து, "அந்தப் பாப்பாவுக்குத் தெரிஞ்சது உங்க நாலு பேருக்கும் தெரியலையே" என்றார். அதோடு கேலி நின்றது.

தேய்க்கும்போது இடது பக்க நடுத்தூணில் ஒன்றைப் பார்த்தேன். ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் மெலிந்து, நடுவில் பிரைமரே தெரிந்தது. துரு இல்லை, அடி இல்லை. வழவழவென்று தேய்ந்திருந்தது. பெயின்ட் போன இடம் என்று நினைத்து மேலும் தேய்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பெயின்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் பட்டறைகளில் எந்தப் பெயின்டை ஸ்ப்ரே செய்தாலும் "டூகோ அடிக்கிறது" என்றுதான் சொல்கிறோம். டூகோ என்பது 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி ஜெனரல் மோட்டார்சோடு சேர்ந்து கொண்டுவந்த நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரின் பெயர். அதுவரை ஒரு கார் பெயின்ட் காய வாரக்கணக்கில் ஆகும். டூகோ சில மணி நேரத்தில் காய்ந்தது. நாங்கள் அடித்தது அது இல்லை. கெட்டியாக்கியை அளந்து கலந்து அடிக்கும் 2கே பி.யூ. பெயின்ட். இது பளபளப்பாக இருக்கும், பெட்ரோல் பட்டாலும் போகாது. ஆனால் அந்தக் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக் குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு அடிப்பது தற்கொலைக்குச் சமம். பாய் தன் இளம் வயதில் அப்படித்தான் அடித்திருக்கிறார். அவர் இருமும்போது பார்த்தால் தெரியும். எங்களுக்கு மட்டும் சரியான கேட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல் கன்னைத் தொடவே விடவில்லை. நிறத்தையும் மாற்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை என்றிருந்தால் வெள்ளைதான், மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டும்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

பெயின்ட் அடிப்பதில் பாதி வேலை, பெயின்ட் படக்கூடாத இடத்தை மூடுவது. சீட், டேஷ் போர்டு, கூரைத் துணி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளாலும் பிரவுன் பேப்பராலும் மூடினோம். செய்தித்தாள் வேண்டாம் என்று பாய் சொன்னார். மெல்லிய தாளில் தின்னர் ஊறும், அச்சு மை இறங்கும். அதைவிட முக்கியமாக அவர் சொன்னது டேப்பைப் பற்றி. "டேப்ப எங்க ஒட்டறங்கறதுதான் தம்பி வித்தை. தகட்டுக்கு மடிப்பு எங்க இருக்கோ, ஜாயின்ட் எங்க இருக்கோ, ரப்பர் எங்க மூடுமோ, அங்கதான் நிக்கணும். வெட்ட வெளியில டேப்ப நிறுத்தாதே."

காரணம் எளிது. டேப்பின் விளிம்பில் பெயின்ட் அணை கட்டின மாதிரி தேங்கும். டேப்பை எடுத்தால் அங்கே ஒரு படிக்கட்டு நிற்கும். வேறு வழியே இல்லாமல் வெட்ட வெளியில் நிறுத்த வேண்டி வந்தால், டேப்பை நீளவாக்கில் பாதி திருப்பி மடித்து, அந்தச் சுருண்ட விளிம்பு பெயின்ட் பக்கம் வருகிற மாதிரி ஒட்ட வேண்டும். அப்போது பெயின்ட் சுருளுக்கு அடியில் தூசியாகப் போய்க் கரைந்துவிடும், படிக்கட்டு வராது.

நடுத்தூணின் உள்பக்கம் ரெக்ஸின் ஒட்டியிருக்கும். அதைக் கழற்றினால்தான் தகட்டின் மடிப்பு வெளியே வரும். மூன்று தூணில் ஒழுங்காகக் கழற்றினோம். நாலாவதாக அந்த இடது நடுத்தூணுக்கு வந்தபோது சனிக்கிழமை சாயங்காலம். அன்று இரவு எனக்கு ஊருக்கு பஸ். ஊரில் மாரியம்மன் நோம்பி. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ரெக்ஸினைக் கழற்றாமல், அதற்கு ஒரு அங்குலம் தள்ளித் தகட்டின் மேலேயே நேராக ஒரு டேப்பை இழுத்து ஒட்டினேன். அதுவும் நல்ல டேப் தீர்ந்துபோய், ஸ்டேஷனரி கடையில் வாங்கின டேப்.

"ரெக்ஸின கழட்டிடலாமே, பத்து நிமிஷந்தானே" என்றாள் அந்த மாணவி.

"பத்து நிமிஷமா? நீ பஸ்ஸ நிறுத்தி வைப்பியா?" என்றேன். மற்ற மூவரும் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை.

பாய் திரும்பி வந்து மாஸ்கிங்கைப் பார்த்து, "எல்லாம் மடிப்புலதானே நிக்குது?" என்று கேட்டார். "ஆமாங் பாய்" என்றேன். முதல் மூன்றைப் பார்த்தவர் நாலாவதைக் குனிந்து பார்க்கவில்லை. நம்பினார். சின்ன கன்னை வைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, முதலில் பனி மாதிரி ஒரு கோட், பத்து நிமிஷம் விட்டு ஈரமாக ஒரு கோட், மறுபடி பத்து நிமிஷம், இன்னொரு கோட். மூலைகளில் கன்னை நிறுத்தாமல் ஓட்டினார். நிறுத்தினால் கண்ணீர் மாதிரி வழிந்துவிடும். "பெயின்ட் கையில ஒட்டற பதம் தாண்டினதும் டேப்ப எடுத்துடுங்க. டேப்ப அதன் மேலயே மடக்கி, மெதுவா இழுக்கணும். இறுகிப்போனா விளிம்பு பிஞ்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று தூணின் டேப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாலாவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான். மறந்துவிட்டு ஓடியதும் நானே. மறுநாள் நண்பர்கள் காரை நன்றாகக் காயட்டும் என்று வெயிலில் தள்ளி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து பார்த்தால், மூன்று நாள் வெயிலில் வெந்த அந்த மலிவு டேப் தகட்டோடு தகடாக இருந்தது. இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்தது, பசை தங்கிவிட்டது. இன்னொரு இடத்தில் பசை வந்தது, கூடவே புதுப் பெயின்டும் சில்லு சில்லாக வந்தது. நகம் தட்டுகிற உயரத்துக்கு ஒரு வரப்பு, மேலிருந்து கீழ் வரை.

வெள்ளிக்கிழமை துறைக் கண்காட்சி. இன்னும் வெளிப்பக்கம் அடிக்க வேண்டும்.

"திரும்ப அடிச்சிடலாம்" என்றாள் அவள் மறுபடியும்.

"பீடிங் போட்டா மறைஞ்சிடும். யாரு கதவுக்குள்ள தலைய விட்டுப் பாக்கப் போறாங்க?" என்றேன் நான், டீம் லீடர். பசையைச் சுரண்டிவிட்டு, பாய் வருவதற்குள் பீடிங்கை மாட்டிவிட்டேன். வரப்பில் முக்கால்வாசி மறைந்தது. கை உயரத்தில், பீடிங் வளைகிற இடத்தில், ஒரு சாண் நீளம் மறையவில்லை. வெள்ளை மேல் வெள்ளை. தள்ளி நின்றால் தெரியாது.

கண்காட்சி அமோகமாக நடந்தது. சிறப்பு விருந்தினர் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொள்வது போல ஜாடை காட்டினார்; எல்லாரும் கை தட்டினார்கள். முதல் பரிசு எங்களுக்கு. மேடையில் நான்தான் போய் வாங்கினேன். யாரும் கதவுக்குள் தலையை விட்டுப் பார்க்கவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அவளைத் திரும்பிப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அம்மா எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் தயாராக வைத்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கண் கலங்கியிருந்தது. "சாமி, அப்படியே புது வண்டி" என்றார். வாழ்க்கையில் அதைவிட ஒரு பரிசு வேண்டுமா?

"ஏறுங்கப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று இடது முன்கதவைத் திறந்தேன். அப்பாவுக்கு இடது கை உதவாது. ஆகவே வலது கையை நீட்டி நடுத்தூணைப் பிடித்தார். பிடித்து ஏறப் போனவர் நின்றார். அவருடைய கட்டை விரல் அந்த வரப்பின் மேல் மெதுவாக மேலும் கீழும் போனது. பத்தொன்பது வருடம் அந்தக் காரைத் தினமும் துணியால் துடைத்த கை அது. கண்ணை ஏமாற்றலாம், அந்தக் கையை ஏமாற்ற முடியாது.

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இங்க புடிச்சுட்டுத்தான் டாக்டர் ஐயா எறங்குவாரு. பின்னாடி சீட்ல இருந்து வலது கையால இந்தத் தூணப் புடிப்பாரு. எந்நேரம் கூப்புட்டாலும் போவாரு. ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட. அந்த எடத்துல பெயின்டே தேஞ்சு போயிருந்துச்சே, பாத்தயா கண்ணு?"

பார்த்தேன். அது கை பட்டுத் தேய்ந்த இடம் என்று தெரியாமல் பார்த்தேன். அதன் மேல்தான் என் அவசரத்தை ஒட்டி வைத்திருந்தேன். அப்பா வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தார். ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தோம். ரோட்டில் பார்த்தவர்களெல்லாம் கை காட்டினார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த மாணவியிடம் போய், எல்லார் முன்னாலும் அன்று சிரிக்க வைத்தேனே, அதே மாதிரி எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள், "என்கிட்ட கேக்கறது இருக்கட்டும். பாய்கிட்ட சொன்னியா?" என்றாள். அது இன்னும் கஷ்டமான வேலை. பட்டறைக்குப் போய், மடிப்பில் நிற்கிறது என்று பொய் சொன்னதைச் சொன்னேன். பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தப்பு உன்னுது மட்டும் இல்ல தம்பி. நாலாவத நான் குனிஞ்சு பாக்கல. வண்டிய எடுத்துட்டு வா" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஆரம்பித்தோம். அப்பாவும் வந்தார், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். பீடிங்கை உரித்தோம். ரெக்ஸினைக் கழற்றினோம். சரியாகப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று! மிச்சப் பசையைத் துடைத்து, வரப்பை 400 நம்பரில் தேய்த்துச் சரிவாக்கி, பிறகு 600-ல் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எதுவும் தட்டாத வரை தேய்க்கச் சொன்னார் பாய். தகடு தெரிந்த இடத்தில் பிரைமர், அதன் மேல் சர்ஃபேசர், காய்ந்ததும் மறுபடி 600.

மாஸ்க் பண்ணுவதற்கு முன்னால் பாய் அப்பாவிடம் கேட்டார்: "டிரைவர் ஐயா, அந்தத் தேஞ்ச எடத்த அப்படியே விட்டிருக்கணுமா? தம்பி தேய்ச்சுட்டான்னு வருத்தமா?"

அப்பா சிரித்தார். "அட, அதுக்கென்னங்க. தேஞ்சா அடிக்கணும், வண்டி அதுக்குத்தானே இருக்குது. அடிக்கறத ஒழுங்கா அடிச்சாப் போதும். இனி எங் கை பட்டுத் தேயட்டும்."

இந்தத் தடவை டேப்பை நான் ஒட்டினேன், மடிப்பில். அவள் சரிபார்த்தாள். பாய் குனிந்து பார்த்தார். மூன்று கோட். பதம் வந்ததும் டேப்பை அதன் மேலேயே மடக்கி மெதுவாக இழுத்தேன். நூல் பிடித்த மாதிரி வந்தது. அன்று எங்கும் போகவில்லை. எல்லா டேப்பும் குப்பைக் கூடைக்குப் போனதை எண்ணிப் பார்த்த பிறகுதான் சாப்பிடப் போனோம்.

அடுத்த வருடம் இந்த மாதிரி புராஜெக்ட் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்:

1. முதலில் உள்ளே, பிறகு வெளியே. வெளியே அடிக்கும்போது கதவு இடுக்கில் மடித்த டேப்போ ஃபோம் டேப்போ வைத்து அடையுங்கள். இல்லாவிட்டால் தூசிப் பெயின்ட் உள்ளே போய் நீங்கள் செய்ததைக் கெடுத்துவிடும்.

2. கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள். மறைத்து அடிப்பதைவிடக் கழற்றி அடிப்பது சீக்கிரம் முடியும். நான் மிச்சம் பிடித்த பத்து நிமிஷம் எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையாகத் திரும்பி வந்தது.

3. டேப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கார் வேலைக்கென்றே வெயில் தாங்கும் டேப் இருக்கிறது. எந்த டேப்பானாலும் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

4. தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பெயின்டாலும் பட்டியாலும் அடைத்துவிடாதீர்கள்.

5. மாஸ்க் இல்லாமல் 2கே பெயின்ட் பக்கம் போகாதீர்கள். நுரையீரலுக்கு மறு பெயின்ட் கிடையாது.

6. செட்டில் ஒருவர் "திரும்பச் செய்யலாம்" என்று சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் அவர் காட்டுகிற இடத்தைக் கையால் ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கார் வேப்பமரத்தடியில் இல்லை, தகரக் கொட்டகையில் நிற்கிறது. பானெட்டில் முகம் பார்க்க வேண்டாம். இடது முன்கதவைத் திறந்து, நடுத்தூணைக் கை உயரத்தில் தடவிப் பாருங்கள். விரலில் ஏதாவது தட்டினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மறுபடியும் அடித்துவிடுகிறேன்.

— இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை